மேட்டூரில் மண் அள்ளினால் எத்தனை டிஎம்சி கிடைக்கும்?

மே 11, 2025 (கேள்வி)

மேட்டூர் அணை கட்டித் தொண்ணூறு வருஷம் தாண்டிவிட்டது. உள்ளே பாதி மண்தான் என்கிறார்கள். நூறு பொக்லைன், ஆயிரம் லாரி இறக்கி ஒரே கோடையில் அள்ளிப் போட்டால் கர்நாடகத்திடம் கையேந்த வேண்டியதில்லை. விவசாயிக்கு வண்டல், சூளைக்காரனுக்கு மண், அரசாங்கத்துக்கு வருமானம். செய்ய மனசில்லை, அவ்வளவுதான். யாராவது மறுத்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

மே 11, இரவு

நான் மறுக்கிறேன் தம்பி. மேட்டூர் அணையோரத்துக் கொளத்தூர் பக்கம் பொக்லைனும் டிப்பரும் வைத்துப் பிழைக்கிறவன் நான். அணையில் மண் அள்ளும் வேலை பெரிதாக வந்தால் முதலில் சம்பாதிக்கப் போவது என்னைப் போன்ற ஆட்கள்தான், அதனால் சுயநலத்தில் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் சொன்ன கணக்கையே போடுவோம். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. நாங்கள் மண் விற்கிற ஒரு யூனிட் நூறு கன அடி. ஆக ஒரு டிஎம்சி மண் என்றால் ஒரு கோடி யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 33 லட்சத்துச் சொச்சம் நடை. உங்கள் ஆயிரம் லாரியும் ஒன்றுகூடப் பஞ்சர் ஆகாமல், டிரைவர் ஒருத்தர்கூட லீவு போடாமல், நாளுக்குப் பத்து நடை அடித்தால் 30,000 யூனிட். நூறு நாள் ஓட்டினால் 30 லட்சம் யூனிட், அதாவது 0.3 டிஎம்சி. அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. பத்து மணி நேர வேலை என்றால் மூன்றரை விநாடிக்கு ஒரு லாரி அணைக்குள்ளிருந்து மேலே ஏறி வர வேண்டும். அணைப் பக்கத்து மூலக்காடு ரோடு தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த 0.3 டிஎம்சியை டெல்டாவுக்கு விநாடிக்கு 12,000 கன அடி வீதம் திறந்தால் ஏழு மணி நேரம் ஓடும். காலையில் திறந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தீர்ந்துவிடும்.

மே 12

"அள்ளிய இடம் அடுத்த வருஷமும் காலியாகத்தானே இருக்கும், ஒரு தடவை செலவு செய்தால் வருஷா வருஷம் தண்ணீர் சேருமே" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காவிரி சும்மா இருக்குமா? உலகத்து அணைகளைச் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்குக் கொள்ளளவில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை மண் தின்கிறது என்பார்கள். மேட்டூருக்கு அரை சதவீதம் என்று வைத்தால் வருஷம் 0.47 டிஎம்சி. அந்த ஆயிரம் லாரி படை அள்ளியதைவிட அதிகம் உள்ளே வந்து படுத்துவிடும். அள்ளவும் அள்ளினோம், குறையவும் குறைந்தது என்ற கதை.

மேட்டூருக்கு அந்தச் சராசரி அப்படியே பொருந்தாது என்றும் சொல்லிவிட வேண்டும். மேலே கிருஷ்ணராஜ சாகர் இருக்கிறது, கபினி இருக்கிறது, கனமான மண்ணை அவை முதலில் பிடித்துக்கொள்கின்றன. நமக்கு வருவது அவற்றுக்குக் கீழே அர்க்காவதி, சிம்சா, சின்னாறு, பாலாறு, தொப்பையாறு அடித்து வருவதும், மேலே தப்பித்து வருகிற நைசான சேறும். அதனால் அரை சதவீதத்தைவிடக் குறைவாக இருக்கலாம். "உள்ளே பாதி மண்" என்பது டீக்கடைக் கணக்கு.

இன்னொரு விஷயம். தினசரிப் பத்திரிகையில் 120 அடி நிறைந்தால் 93.47 டிஎம்சி என்று இன்றைக்கும் போடுகிறார்கள் பாருங்கள், அது 1934-ல் அணை கட்டி முடித்தபோது இருந்த கணக்கு. தொண்ணூறு வருஷ மண் அந்த எண்ணில் கழியவே இல்லை. நீர்மட்டத்தை அடியில் அளந்து, பழைய அட்டவணையில் எதிரே உள்ள டிஎம்சியைப் படித்துச் சொல்கிறார்கள்.

மே 14

2017-ல் மேட்டூரில் வண்டல் அள்ளியதைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், நான் இருந்தேன். அந்த வருஷம் அணை கிட்டத்தட்ட வற்றிக் கிடந்தது. பண்ணவாடியில் நந்தி முழுசாக வெளியே, பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே, ஞாயிற்றுக்கிழமை ஆனால் செல்ஃபி எடுக்க சேலத்திலிருந்து கார் கார் ஆக வந்தார்கள். மே கடைசியில் அப்போதைய முதல்வர் பழனிசாமி வந்து தொடங்கி வைத்தார், அணை கட்டி 83 வருஷத்தில் இதுதான் முதல் முறை என்றார்கள். விவசாயிகளுக்கு மண் இலவசம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், டிராக்டர் கணக்கில் 25 லோடு, 30 லோடு. மண் இலவசம், ஏற்றுகூலியும் வண்டி வாடகையும் உங்கள் தலையில்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அணை காய்ந்து வெடித்துக் கிடப்பது தெரியும். அந்த வெடிப்பு மேலே ஒரு முழம் பொருக்குதான், அதற்குக் கீழே அல்வா. பொக்லைனை நேராக இறக்கினால் செயின் பாதி புதைந்து நிற்கும், அப்புறம் அதை எடுக்க இன்னொரு பொக்லைன். அதனால் கரையோரத்திலிருந்து கிராவல் கொட்டிப் பாதை போட்டுக்கொண்டே உள்ளே போக வேண்டும். ஈரச் சேற்றை டிப்பரில் ஏற்றினால் மூன்று யூனிட் ஏற்ற முடியாது, எடை தாங்காது, இரண்டு யூனிட்டோடு நிறுத்திக்கொள்வோம். தோட்டத்தில் போய் தொட்டியைத் தூக்கினால் பாதி விழும், பாதி தகரத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். கிளீனர் பையன் மண்வெட்டியோடு மேலே ஏறி வழித்துத் தள்ளுவான். ஒவ்வொரு நடையிலும் அதற்கே கால் மணி நேரம். நான் மேலே போட்ட பத்து நடை கணக்கு எவ்வளவு தாராளமானது என்று இப்போது புரிகிறதா?

பர்மிட் கதை தனி. ஒரு அலுவலகத்தில் சிட்டா அடங்கல் கேட்டார்கள், கொடுத்தோம், இன்னொரு மேசையில் அதே சிட்டா அடங்கலை மறுபடி கேட்டார்கள். வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஒகேனக்கலில் தண்ணீர் ஏறினால் எல்லாம் முடிந்தது, பொக்லைனை மேலே ஏற்றிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இப்போது பரவாயில்லை, 2024-ல் விதியைத் தளர்த்தி வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கும்படி செய்துவிட்டார்கள்.

மே 14, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது: இந்த வருஷம் மே மாதத்திலேயே அணையில் நூறு அடிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. எங்கே போய் அள்ளுவது? அணையை மண் அள்ளும் அளவுக்கு வற்றவிடுகிற வருஷம் வறட்சி வருஷம், அது நமக்கு வேண்டாம் என்று கும்பிடுகிற வருஷம்.

மே 17

ஈரோட்டு நண்பர் பவானிசாகரைப் பற்றிப் பதறி எழுதியிருக்கிறார். "அணை 120 அடி, அதில் 15 அடி சேறும் சகதியும் போக 105 அடி" என்று பேப்பரில் வருகிறதே, அப்படியானால் 15 அடி மண் மேடிட்டுவிட்டதா என்று. அண்ணே, அந்த வரியை நானும் பல வருஷமாகப் படிக்கிறேன். 15 அடி என்பது அணை கட்டும்போதே அடியில் ஒதுக்கிவைத்த இடம், மண் வந்து தங்கட்டும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விட்டது. எல்லா அணையிலும் இப்படி ஒன்று உண்டு.

மண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில்தான் மண் போய் உட்காரும் என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் இதில் கோளாறு. ஆறு அணைக்குள் நுழைகிற இடத்தில் வேகம் சட்டென்று குறைகிறது, அங்கேயே கல்லும் மணலும் இறங்கிவிடும். அது வாய்ப்பகுதி, உயரமான இடம், நாம் உபயோகிக்கிற தண்ணீர் நிற்கிற இடம். நைசான களிதான் அணைச் சுவர் வரைக்கும் மிதந்து வந்து அடியில் படியும். ஆக அடியில் ஒதுக்கிய 15 அடி நிறைவதற்கு எவ்வளவோ முன்பே மேலே நல்ல இடம் பறிபோய்க்கொண்டிருக்கும். அந்த மணல் மேடு வருஷா வருஷம் சுவரை நோக்கி நகரும். பாகிஸ்தானில் சிந்து நதியின் தர்பேலா அணையில் இது பெரிய தலைவலி, 1970-களில் கட்டியது, மேடு முன்னேறி முன்னேறித் தண்ணீர் போகிற சுரங்க வாய்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

மே 23

துங்கபத்திரை பற்றி எழுதச் சொன்னார்கள். இதுதான் நம் பக்கத்தில் இருக்கிற நல்ல பாடம். ஹொசப்பேட்டை அணை, 1953-ல் 132 டிஎம்சி சொச்சம். 2016-ல் அளந்தபோது 105.788. கிட்டத்தட்ட 27 டிஎம்சி காணோம், அதுவும் மூன்று மாநிலம் பங்கு பிரிக்கிற அணையில். கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா மூன்றும் உட்கார்ந்து பங்கு போடுகிற இடம் என்பதால் அங்கே மண்ணைக் கழித்துத்தான் கணக்குப் பேச முடியும், பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஏமாற்ற முடியாது.

27 டிஎம்சி என்றால் 27 கோடி யூனிட். நான் மேலே சொன்ன ஆயிரம் லாரிப் படைக்குத் தொண்ணூறு கோடை. அதனால்தான் அங்கே மண் அள்ளும் பேச்சை விட்டுவிட்டு, நவலி என்ற இடத்தில் இன்னொரு நீர்த்தேக்கம் கட்டி இழந்ததை ஈடுகட்டலாம் என்று போய்விட்டார்கள். அது இன்னும் பேச்சாகவே இருக்கிறது. போன வருஷம் ஆகஸ்டில் 19-ஆம் நம்பர் மதகுக் கதவே அடித்துக்கொண்டு போனது, அந்த அமளியில் மண்ணை யார் நினைப்பார்கள்.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அதே அணையை 2008-ல் அளந்தபோது 100.855 டிஎம்சி என்று வந்தது. எட்டு வருஷம் கழித்து 105.788. மண் யாரும் அள்ளவில்லை, கொள்ளளவு ஐந்து டிஎம்சி கூடிவிட்டது! அளக்கிற முறைக்கு முறை இவ்வளவு வித்தியாசம் வரும். படகில் எதிரொலிக் கருவி வைத்து அடியை அளப்பது ஒன்று, செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பு எவ்வளவு விரிகிறது என்று ஒவ்வொரு மட்டத்திலும் பார்த்துக் கணக்கிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சில டிஎம்சி தொலைந்து போகும், கிடைக்கும். ஆகவே யாராவது "இத்தனை சதவீதம் மண்" என்று புள்ளி வைத்துச் சொன்னால், எந்த வருஷம், எந்த முறை என்று கேளுங்கள்.

மே 24

"தெர்மாகோல் போட்டு மூடிவிடலாமா" என்று கேட்டவருக்கு: அது தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்டது, வைகையில், 2017-ல். மண்ணுக்கு வேறு வைத்தியம்.

ஜூன் 30

நேற்று அணை 120 அடியைத் தொட்டது. ஜூன் மாதத்திலேயே நிறைவது ரொம்ப அபூர்வம் என்கிறார்கள். உபரி நீர் கொட்டுகிற 16 கண் மதகைப் பார்க்கக் கூட்டம், ரோட்டில் சோளக்கதிர் வியாபாரம் ஜோர்.

அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் இந்த இழையில் பாதியில் விட்ட விஷயம் ஞாபகம் வந்தது. 16 கண் மதகில் கொட்டுவது அணையின் மேல்மட்டத் தண்ணீர். மேலே தெளிந்த நீர் போகிறது, கீழே சேறு படிகிறது. மண்ணை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் வெள்ளம் கலங்கலாக வரும்போதே, படிவதற்கு முன்பே, அடிமட்ட மதகு வழியாக அதைக் கடந்து போகவிட வேண்டும். லாரி கணக்கில் கிடைக்காத டிஎம்சி இந்தக் கணக்கில்தான் கிடைக்கும். தண்ணீர்தான் மண்ணைக் கொண்டுவந்தது, தண்ணீர் மட்டும்தான் அதைக் கட்டுப்படியாகிற விலையில் கொண்டுபோகும்.

இது புதுசு ஒன்றும் இல்லை. கல்லணைக்கு மேலே காவிரி மணல் மேடிட்டுத் தவித்தபோது ஆர்தர் காட்டன் 1830-களின் வாக்கில் அங்கே மணற்போக்கி வைத்தார், பிறகு 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டினார். நம் ஏரிகளில் அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முன்பே குமிழித்தூம்பு உண்டு. கரையிலிருந்து தள்ளி ஏரிக்குள்ளே இரண்டு கல்தூண், நடுவில் கல்தொட்டி, மேலே நீரோடித் துளை, தரையோடு ஒட்டிச் சேறோடித் துளைகள். மேல் துளையின் மூடியைத் தூக்கினால் தண்ணீர் போகிற வேகத்தில் கீழ்த்துளை வழியாகச் சேறும் இழுபட்டுக் கால்வாயில் இறங்கும், வயலுக்கு உரமாகப் போகும்.

ஜூலை 2

"அப்படியானால் மேட்டூரிலும் அடிமதகைத் திறந்துவிட வேண்டியதுதானே." அவசரப்படாதீர்கள். இதை உலகத்திலேயே பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் சீனாக்காரர்கள், அடிபட்டுக் கற்றவர்கள்.

மஞ்சள் நதியில் சான்மென்சியா என்று ஓர் அணை. சோவியத் பொறியாளர்கள் வரைபடம் போட்டது. அந்த நதி அப்போது வருஷத்துக்குச் சராசரி 160 கோடி டன் மண் சுமந்தது, உலகத்திலேயே மிக அதிகம் என்பார்கள். 1957-ல் ஹுவாங் வான்லி என்ற நீரியல் பேராசிரியர், இது வேண்டாம், மண் மேடிட்டு மேலே இருக்கிற வெய் ஆற்றுச் சமவெளி வெள்ளத்தில் போகும் என்று எதிர்த்தார். கேட்கவில்லை. சரி, கட்டுவது என்றால் கட்டுமான வேலைக்காக அடியில் வைத்த துவாரங்களையாவது அடைக்காதீர்கள், பிற்பாடு மண் தள்ள உதவும் என்றார். அதையும் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். அவருக்கு வலதுசாரி என்று பட்டம் கட்டி ஓரங்கட்டிவிட்டார்கள்.

1960-ல் தண்ணீர் தேக்கினார்கள். ஒன்றரை வருஷத்தில் 150 கோடி டன்னுக்கு மேல் உள்ளே படிந்தது. வெய் ஆறு சேருகிற இடத்தில் ஆற்றுப் படுகை நாலரை மீட்டர் உயர்ந்தது, சியான் நகரத்துக்கே ஆபத்து என்று ஆனது. அப்புறம் மலையைக் குடைந்து சுரங்கம், மின் நிலையத்துக்குப் போன குழாய்களைச் சேறு தள்ளத் திருப்பிவிட்டது, கடைசியில் அந்த அடைத்த துவாரங்களையே மறுபடி உடைத்துத் திறந்தது. 1,160 மெகாவாட் என்று போட்ட திட்டம் 250 மெகாவாட்டாகச் சுருங்கியது. 1970-களிலிருந்து அவர்கள் பிடித்துக்கொண்ட வழி எளிமையானது: வெள்ளக் காலத்தில் மட்டத்தை இறக்கிக் கலங்கலைப் போகவிடு, தெளிந்த பிறகு தேக்கு. மண் சேர்வது பெரும்பாலும் கட்டுக்குள் வந்தது.

அதற்குக் கீழே சியாவ்லாங்டி அணையில் 2002 முதல் வருஷா வருஷம் திட்டம் போட்டு மண்ணைத் தள்ளுகிறார்கள். அதன் படத்தை எங்காவது பாருங்கள், காப்பி நிறத்தில் பீய்ச்சி அடிக்கும், அதைப் பார்க்கவே சுற்றுலாக் கூட்டம் நிற்கும். நாம் 16 கண்ணில் வெள்ளைத் தண்ணீரைப் பார்த்துக் கைதட்டுகிறோம், அவர்கள் சேற்றைப் பார்த்து.

இத்தோடு விட்டால் பாதிக் கதைதான். மஞ்சள் நதியின் மண் சுமை இன்றைக்கு அந்த 160 கோடி டன்னில் ஒரு சிறு பங்கு. மேலே வண்டல் மேட்டு நிலத்தில் மலைச்சரிவுகளைப் படிக்கட்டாக வெட்டி, ஓடைக்கு ஓடை தடுப்பணை கட்டி, 1999-லிருந்து சரிவு விவசாயத்தை விட்டு மரம் புல் வளர்க்க விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். அணையில் செய்த வேலையைவிட இந்த வேலை பெரியது.

ஜூலை 3

மேட்டூருக்கு வருவோம். மட்டத்தை இறக்கி வெள்ளத்தை அடிமதகில் போகவிட வேண்டுமென்றால், ஜூலை, ஆகஸ்டில் கர்நாடகத்திலிருந்து வருகிற தண்ணீரைத் தேக்காமல் விட வேண்டும். வருஷம் பூராவும் உச்ச நீதிமன்றம், ஆணையம் என்று அலைந்து வாங்கிய தண்ணீரை மண் தள்ளுவதற்காகத் திறந்துவிடுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? நானே விட மாட்டேன்.

சரி, சில வருஷம் 2018, 2022 போல லட்சக்கணக்கான கன அடி உபரியாக வந்து கடலுக்குத்தான் போகிறது, அப்போதாவது செய்யலாமே என்றால், அப்போது மண் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். அணைக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணை. எல்லாவற்றிலும் மின்சாரம் எடுக்கிறார்கள், பக்கத்தில் குடிநீர்க் கிணறுகள். கதவணைகளையும் சேர்த்து ஒரே நேரத்தில் தூக்கினால்தான் மண் நகரும், இல்லையென்றால் மேட்டூர்ச் சேறு செக்கானூர்ச் சேறாக மாறும், அவ்வளவுதான்.

ஜூலை 9

மீனவர் சங்கத்திலிருந்து ஒருத்தர் எழுதியிருக்கிறார், "சேற்றைத் திறந்தால் எங்கள் மீன் கதி என்ன" என்று. சரியான கேள்வி, அதற்கு ஜப்பானில் பதில் இருக்கிறது. குரோபே ஆற்றில் தாசிதைரா அணை, 1985-ல் கட்டியது. மண் தள்ளுவதற்கென்றே அடியில் கதவு வைத்துக் கட்டியதுதான். 1991 டிசம்பரில் முதல் தடவை திறந்தார்கள். ஆறு வருஷம் மூடிக்கிடந்த இலையும் சருகும் சேற்றோடு அழுகிக் கறுப்பாக நாறிக்கொண்டு வந்தது. ஆறும் தோயாமா வளைகுடாவும் பாழ், மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். இப்போது கீழே இருக்கிற உனாசுகி அணையோடு சேர்த்து, 2001-லிருந்து, மழைக்காலத்தில் வெள்ளம் வரும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகத் திறக்கிறார்கள். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, வெள்ளத்தோடு விட்டால் ஆறு தாங்கும். தொண்ணூறு வருஷச் சேற்றை ஒரே நாளில் விட்டால் தாங்காது.

ஜப்பானில் இன்னொன்றும் செய்கிறார்கள், அணைக்கு முன்னாலேயே, ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஒரு சுரங்கம் குடைந்து, கலங்கல் வெள்ளத்தை அணைக்குள் விடாமலே சுற்றிக்கொண்டு போய்க் கீழே விடுவது. அசாகி அணையில் 1998-லிருந்து ஓடுகிறது. சின்ன அணை, செங்குத்தான ஆறு, அங்கே சரிப்படும். மேட்டூர் மாதிரி ஒகேனக்கல் பக்கம் வரைக்கும் நீளமாகக் கிடக்கிற அணைக்குச் சுரங்கம் என்றால் அந்தச் செலவில் இன்னொரு மேட்டூரே கட்டலாம்.

ஜூலை 20

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பில்லூர் அணைதான் உங்கள் குடிதண்ணீர். அதற்கு மேலே குந்தா அணை. அங்கே சேறு அதிகம் என்று எல்லோரும் புலம்புகிறோம். ஊட்டிச் சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற தோட்டத்தை மழை நாளில் நின்று பாருங்கள், பாத்தி மேலிருந்து கீழாக ஓடும், தண்ணீர் சிவப்பாக ஓடும். அந்தச் சிவப்புதான் குந்தாவில் படிந்து, மீதி பில்லூருக்கு வருகிறது. பாத்தியைக் குறுக்கே போட வேண்டும் என்று ஊட்டியில் இருக்கிற மண்வள ஆராய்ச்சி மையம் 1954-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்று விவசாயி சொல்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அழுகுகிற கிழங்குக்கு நஷ்டஈடு யார் தருவார்கள் என்பதுதான் பேச வேண்டியது.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. பழைய டெல்டா விவசாயி ஒருத்தர், என் மனைவி வழிச் சொந்தம், வந்திருந்தார். பேச்சு இங்கேதான் வந்து நின்றது. அவர் அப்பா காலத்துப் பேச்சு ஒன்று சொன்னார்: புதுவெள்ளம் செக்கச்செவேல் என்று வரும், அதை வயலில் கட்டி வைத்தாலே போதும், அந்த வருஷம் எருவைக் குறைத்துக்கொள்ளலாம். இப்போது வாய்க்காலில் வருகிறது கண்ணாடித் தண்ணீர். நாம் மண்ணை அணைக்குள் சேர்ந்த குப்பையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், அவர் அதைத் தனக்கு வராமல் போன பாக்கியாகப் பேசுகிறார். கடலோரத்தில் டெல்டா அரித்துக்கொண்டு போவதற்கும் இது ஒரு காரணம், மண் வராத கரை நிற்காது.

ஆகஸ்ட் 5

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் லாரியிலேயே அள்ளி டெல்டாவுக்கு அனுப்பலாமே" என்கிறார் தம்பி. விடமாட்டேன் என்கிறார்! ஏக்கருக்கு 90 கன மீட்டர் வீதம் போட்டால் ஒரு டிஎம்சி மண்ணுக்கு மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் ஏக்கர் வேண்டும். மேட்டூரிலிருந்து தஞ்சாவூர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். டீசல் செலவுக்கு அந்த வயலையே விற்க வேண்டும்.

என் அனுபவத்தில் வண்டல் லாபமாவது அணையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அதற்கு மேல் ஏரி வண்டலே மலிவு. ஏரிக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்படியே தலைகீழ்: சின்னது, வருஷம் சில மாதம் காய்கிறது, வயல் பக்கத்திலேயே இருக்கிறது, டிராக்டர் போதும். பணம் செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அணையில் போடுகிற காசை ஏரியில் போடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். மேட்டூருக்கு என்று செய்வதானால், பாலாறும் தொப்பையாறும் அணைக்குள் விழுகிற வாயில் மண் பிடிக்கிற தடுப்பணை போட்டு, அங்கே வருஷா வருஷம் அள்ளலாம். அங்கே தண்ணீர் சீக்கிரம் இறங்கும், பாதை போடத் தரை கெட்டி, விழுவது மணலும் வண்டலும் கலந்தது, ஆள் கேட்டு வாங்குவார்கள். அணையின் நடுவயிற்றை விட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 6

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வு பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், 2023-ல் வந்தது. 150 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்ட பெரிய அணைகளைக் கணக்கில் எடுத்து, 2050-க்குள் முதலில் இருந்த கொள்ளளவில் சுமார் கால்பங்கு மண்ணுக்குப் போகும் என்கிறது. இந்தியாவுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒட்டுமொத்தச் சராசரி அது, உங்கள் ஊர் அணைக்கு எவ்வளவு என்று அதில் தேடாதீர்கள்.

ஆகஸ்ட் 18

செம்மண் காட்டுக்கு அணை வண்டல் எவ்வளவு போடலாம் என்று தனியாகக் கேட்ட மேச்சேரி அண்ணனுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். முதல் வருஷம் முப்பது லோடு முழுசாக அடிக்காதீர்கள், பாதி போதும். காய்ந்ததும் கல் மாதிரிக் கட்டி நிற்கும், ஒரு மழை வாங்கட்டும், அப்புறம் சட்டிக் கலப்பை, அப்புறம் ரோட்டவேட்டர். நிலக்கடலைக்கு நன்றாக எடுக்கும். உங்கள் காடு ஏற்கெனவே களியாக இருந்தால் ஒரு லோடுகூட வேண்டாம், காசுக்குக் கேடு. மரவள்ளி போடப் போகிறீர்கள் என்றால் மணல் கலந்த வாய்ப்பகுதி மண்ணாகப் பார்த்துக் கேளுங்கள். வண்டி வாடகைக்கு எனக்குப் போன் போட வேண்டாம், இந்த வருஷம் அணை இறங்குகிற மாதிரித் தெரியவில்லை.